ஒரு நாற்காலி, ஒரு புத்தகம், அரை மணி நேரம்

பழைய நூலகங்களைக் காத்துவரும் நூலகர்களுக்கும், அவற்றைப் பயணிகளுக்குத் திறந்து வைத்திருக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. கட்டடக் கலை படித்தவனும் இல்லை. விடுமுறை கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள், அவ்வளவுதான். ஆனால் எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே பழைய நூலகம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பேன். கோட்டையும் கோபுரமும் அப்புறம். இந்தப் பழக்கம் எப்படித் தொற்றியது என்று எனக்கே விளங்கவில்லை. கூட வருகிறவர்கள் முதல் நாள் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாம் நாள் முணுமுணுப்பார்கள், மூன்றாம் நாளிலிருந்து நான் தனியாகப் போவேன்.

அப்படித் தனியாகப் போன ஓர் இடத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. இதே கதை வேறு பல இடங்களிலும் நடப்பதுதான்.

நீண்ட கூடம். இரண்டு பக்கமும் தரையிலிருந்து விதானத்தைத் தொடும் வரை புத்தகம். நடுவில் கயிறு கட்டி நடைபாதை. இருபது பேர் கொண்ட குழுவாக உள்ளே விட்டார்கள், பதினைந்து நிமிடம் என்றார்கள். வழிகாட்டி மேலே இருந்த ஓவியத்தைக் காட்டினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம், கைப்பேசிகளும் அண்ணாந்தன. கூடத்தின் கோடியில், கயிற்றுக்கு எங்கள் பக்கமாகவே, ஜன்னலை ஒட்டி ஒரு மேஜையும் பெஞ்சும் கிடந்தன. கால் வலித்தது. போய் உட்கார்ந்தேன்.

கருத்த மரத்தில் செய்த மேஜை. ஆனால் விளிம்பில், உட்கார்ந்தால் முழங்கை வருகிற இடத்தில், இரண்டு திட்டுகள் மட்டும் வெளுத்து வழவழவென்று இருந்தன. விரலை வைத்துப் பார்த்தேன். பழைய வாசற்படி நடுவில் தேய்ந்திருக்குமே, அந்த மாதிரி லேசான பள்ளம். எத்தனை பேருடைய சட்டைக் கை தேய்த்த தேய்ப்போ! என் முழங்கைகளையும் அங்கேயே ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன். கூடம் வேறாக இருந்தது. நின்றபோது கண்ணைப் பறித்த விதானமும் பொன்பூச்சும் பார்வையை விட்டுப் போய்விட்டன. இரண்டு பக்க அலமாரிகளும் வேலி மாதிரி எழுந்து எங்கள் குழுவின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தன. ஜன்னல் சரியாக என் இடது தோளுக்குப் பின்னால் வந்தது. வெளிச்சம் கண்ணில் படாமல் மேஜை மேல் விழுந்தது. வலது கையால் எழுதினால் கையின் நிழல்கூடத் தாளில் விழாது. இதைக் கட்டியவருக்கு நான் எங்கே உட்காருவேன், என் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னால் பல தலைமுறை இருந்தவருக்கு!

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. காவலர் வந்தார். "எழுந்திருங்கள். இங்கே உட்காரக் கூடாது, இது பார்க்கிறதுக்கு மட்டும்தான்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எழுந்தேன். பழையபடி விதானம் வந்துவிட்டது.

பார்க்கிறதுக்கு மட்டும். அந்தச் சொல்தான் இந்த மடலை எழுத வைத்தது. பாலத்தை நடந்து கடந்து பார்க்கிறோம். கோட்டை மதிலில் ஏறி, காவலுக்கு நின்றவன் எட்டிப் பார்த்த துளை வழியாகவே எட்டிப் பார்க்கிறோம். வழிபாட்டிடங்களில் வழிபடுகிறவர்களோடு நிற்க விடுகிறார்கள். எது எதற்காகக் கட்டப்பட்டதோ அதைச் செய்துதான் அதன் அழகைத் தெரிந்துகொள்கிறோம். வாசிப்பதற்கென்று கட்டிய அறை மட்டும் என்ன பாவம் செய்தது? நாங்கள் உட்கார்ந்து வாசிக்க அரை மணி நேரம் இடம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அது ஏன் முக்கியம், அதை எப்படிச் செய்யலாம் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

இத்தாலியில் செசேனா என்ற ஊரில் மலாத்தெஸ்தியானா நூலகம் இருக்கிறது. ஊரை ஆண்ட மலாத்தெஸ்தா நொவெல்லோ, பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தில், மத்தேயோ நூத்தி என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டியது. 1454-இல் திறந்தார்கள். ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. ஆகவே இது கையால் எழுதிய புத்தகங்களுக்காக, அவற்றை வாசிக்கிறவர்களுக்காகக் கட்டிய அறை. வெள்ளைத் தூண்கள், சிவப்புச் சுடுமண் தரை, சுவரில் மங்கிய பச்சை. தங்கம் கிடையாது, விதானத்தில் ஓவியம் கிடையாது. இரண்டு பக்கமும் 29, 29 என்று 58 சாய்மேஜைகள், பெஞ்சோடு சேர்த்து ஒரே மரவேலையாகச் செய்தவை. சாய்வுப் பலகைக்குக் கீழே புத்தகங்கள் இன்றைக்கும் இரும்புச் சங்கிலியில் கட்டியபடியே கிடக்கின்றன. பக்கச் சுவர்களில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள்.

சங்கிலியைப் பார்த்ததும் முதலில் சந்தேகப் புத்தி என்றுதான் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் வேறொன்றும் தெரிகிறது. புத்தகம் இருக்கிற இடத்தை விட்டு நகராது என்றால், வாசகன்தான் புத்தகத்தைத் தேடி வர வேண்டும். அப்படி வருகிறவனுக்கு அந்த இடத்திலேயே பெஞ்சும் வெளிச்சமும் இருந்தாக வேண்டும். இருட்டு மூலையில் ஒரு புத்தகத்தைக் கட்டிப் போட்டால் அந்தப் புத்தகம் செத்தது. அங்கே அழகு என்று நாம் சொல்வதெல்லாம் அந்தக் கட்டாயத்திலிருந்து வந்தது. தூணும் ஜன்னலும் மேஜையும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு மேஜைக்கும் பகல் வேண்டும் என்பதுதான்.

அந்த நூலகத்தின் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி துறவிகளிடம், இன்னொரு சாவி நகர நிர்வாகத்திடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். புத்தகம் எந்த ஒருவருக்கும் சொந்தமில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை என்று நினைக்கிறேன். 2005-இல் யுனெஸ்கோ அந்த நூலகத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சேர்க்காவிட்டாலும் அந்த இரண்டு பூட்டு போதும்.

சங்கிலி என்றதும் இன்னொன்று. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் உள்ள சங்கிலி நூலகத்தில் புத்தகங்கள் முதுகைக் காட்டுவதில்லை. தாள்களின் விளிம்பு வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று தோன்றும். சங்கிலி முன் அட்டையின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. முதுகு வெளியே இருந்தால், எடுத்துத் திருப்பும்போது சங்கிலி முறுக்கிக்கொள்ளும். இப்படி வைத்தால் இழுத்த கையோடு அப்படியே மேஜையில் விரிக்கலாம். இதை எழுத எனக்கு நான்கு வரி ஆனது. ஒரு போலிப் புத்தகத்தைச் சங்கிலியில் கட்டி வைத்து, ‘எடுத்துப் பாருங்கள்’ என்று விட்டால், ஆறு வயதுக் குழந்தைக்கும் அரை நொடியில் புரிந்துவிடும்.

பிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோ வடிவமைத்த லாரென்சியானா நூலகத்துக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முன்கூடத்துப் படிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல் உருகி வழிகிற மாதிரி ஒரு படிக்கட்டு அது. மைக்கலாஞ்சலோ 1534-இல் ரோமுக்குப் போனவர் திரும்பவே இல்லை. பிற்பாடு அவர் அனுப்பிய களிமண் மாதிரியை வைத்துக்கொண்டு அம்மனாத்தி என்பவர் அதைக் கட்டி முடித்தார். மரத்தில் செய்ய வேண்டும் என்று மைக்கலாஞ்சலோ விரும்பியது கல்லில் வந்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் படிக்கட்டு ஒரு முன்னுரை. ஏறி உள்ளே போனால் நீளமான, அமைதியான வாசிப்பறை. இரு பக்கமும் அவர் வடிவமைத்த மேஜை வரிசை, சுவரின் ஜன்னல்களோடு தாளம் தப்பாமல். கீழே அவ்வளவு கொந்தளிப்பை வைத்தது மேலே இந்த நிதானத்துக்காகத்தானோ என்று எனக்குப் படுகிறது. முன்னுரையை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிறோம். மேஜையில் உட்கார விட்டால் தானாக உள்ளே வருவோம்.

இங்கே ஒரு சின்ன விலகல். தமிழில் புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர், தைக்கிற இழைக்கும் நூல்தான், தச்சரும் கொத்தனாரும் நேர் பார்க்கப் பிடிக்கிற கயிற்றுக்கும் நூல்தான். மரத்தின் கோணலைத் தீர்க்கிற நூலையும் மனத்தின் கோணலைத் தீர்க்கிற நூலையும் பழைய இலக்கணக்காரர்கள் ஒரே மூச்சில் பேசியிருக்கிறார்கள். நல்ல வாசிப்பறை ஒன்றில் நுழையும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கட்டுகிறவர் பிடித்த நூலும் வாசிக்கிறவர் பிடித்த நூலும் சந்திக்கிற இடம் அது. பிற மொழிக்காரர்களுக்கு இதை விளக்கி மாளாது. உங்களில் யாராவது தமிழ் தெரிந்தவர் இருந்தால் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

வெளிச்சம் பற்றிப் பேச்செடுத்துவிட்டேன், முடித்துவிடுகிறேன். பாரிஸின் சென்ட் ஜெனவியேவ் நூலகத்தை ஆன்ரி லாபுருஸ்த் கட்டி 1851-இல் திறந்தார்கள். வெளிச்சுவரில் 810 எழுத்தாளர்களின் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். தெருவில் போகிறவருக்குச் சுவரே நூற்பட்டியல். உள்ளே மாடியில், விரல் மாதிரி மெலிந்த வார்ப்பிரும்புத் தூண்கள் 16 நடுவே ஒரே வரிசையாக நின்று இரண்டு வளைகூரைகளைத் தாங்குகின்றன. ரயில் நிலையங்களில் தெரியத் தொடங்கியிருந்த இரும்பை ஒரு வாசிப்பறைக்குள் கூச்சமில்லாமல் கொண்டுவந்தார் மனிதர். கல் தூண் என்றால் பருமன் இடத்தை அடைக்கும், நிழல் விழும். இரும்பு ஒதுங்கி நிற்கும். மாலையிலும் மாணவர்கள் படிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எரிவாயு விளக்கோடு கட்டிய கட்டடம் அது. இன்றும் மாணவர்கள் இடம் பிடிக்க வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 170 வருடத்துக்கு மேல் பழசான ஒரு அறைக்கு அதைவிட நல்ல பராமரிப்பு எது?

பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ வீபுரியில் கட்டிய நூலகம் 1935-இல் திறந்தது. அப்போது அந்த ஊர் பின்லாந்தில் இருந்தது, இப்போது ரஷ்யாவில் வைபோர்க். வாசிப்பறைக் கூரையில் 57 வட்ட ஒளித்துளைகள், ஒவ்வொன்றும் புனல் மாதிரி ஆழமானது. அந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வந்தாலும் 52 டிகிரிக்கு மேல் பெரிதாக ஏறாது. ஆகவே கதிர் நேராகத் தரைக்கு வர முடியாது. புனலின் வெள்ளைச் சுவரில் பட்டு, சிதறி, எல்லாப் பக்கத்திலிருந்தும் இறங்கும். புத்தகத்தின் மேல் தலை நிழலும் விழாது, கை நிழலும் விழாது. படத்தில் பார்த்தால் வெறும் வட்டங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘எங்கே என் நிழல்?’ என்று தேடுகிறவனுக்குத்தான் ஆல்டோ செய்தது தெரியும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் இன்னும் நேரடியாகவே சொன்னார்: புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒருவன் வெளிச்சத்தை நோக்கிப் போகிறான், நூலகம் அங்கேதான் தொடங்குகிறது என்று. சொன்னதோடு நிற்காமல், அமெரிக்காவின் எக்ஸிட்டர் பள்ளிக்கு அவர் கட்டிய நூலகத்தில் புத்தகங்களை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலோரம் முழுக்க ஒருவர் ஒருவராக உட்காரும் மரமேஜைகளை வைத்தார். கண் மட்டத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல், அதற்கு ஒரு மரக் கதவு. வெளியே பார்ப்பதும் மூடிக்கொள்வதும் படிக்கிறவர் இஷ்டம்.

இது நவீன யோசனை என்றும் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் மடத்து நூலகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐந்து தோல்தாள்களைத் தைத்து ஒட்டி, ஒரு முழு மடத்தின் அமைப்பையும் சிவப்புக் கோடுகளால் போட்டிருக்கிறார்கள். அந்த மடம் கட்டப்படவே இல்லை. ஆனால் தாளில் அதன் கோழிக்கூடு முதல் மூலிகைத் தோட்டம் வரை எல்லாம் உண்டு. கோயிலை ஒட்டி ஓர் அறை: மேலே நூலகம், கீழே எழுதுகிறவர்களின் இருக்கைகள் என்று எழுதியிருக்கிறது. அந்த இருக்கைகளைச் சுவரோரம், ஜன்னலை ஒட்டியே போட்டிருக்கிறார்கள். 1,200 வருடத்துக்கு முன்னால், கட்டப்படாத ஒரு கட்டடத்தில்கூட, உட்காருகிறவனுக்கு ஜன்னல் ஒதுக்கியாகிவிட்டது.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

மூச்சில் ஈரம் இருக்கிறது, கையில் எண்ணெய் இருக்கிறது, காலணியில் மண் இருக்கிறது. இருபது பேர் ஒரு கூடத்தில் நின்றாலே அங்கே வெப்பம் மாறும். கொரியாவின் ஹேயின்சா மடத்தில் 80,000-க்கும் மேற்பட்ட மரப்பலகைகள் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில், பௌத்த மறைநூல் முழுவதையும் அச்சிடுவதற்காகப் பலகை பலகையாகச் செதுக்கியவை. அவற்றை வைத்திருக்கும் கூடங்கள் 15-ஆம் நூற்றாண்டின் வேலை. மேல் வரிசை ஜன்னலும் கீழ் வரிசை ஜன்னலும் வேறு வேறு அளவு. முன் சுவரில் எது பெரிதோ அது பின் சுவரில் சிறிது. காற்று உள்ளே வந்து, சுற்றி, வெளியேற வேண்டும் என்பதற்காக. தரையில் கரியும் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மண். குளிர்சாதனக் கருவி இல்லாமல் மரம் இத்தனை காலம் கெடாமல் இருக்கிறது. அங்கே போய் எனக்கு நாற்காலி போடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கம்பி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் முறை. அந்தக் கட்டடம் வாசகனுக்காகக் கட்டியதே இல்லை, காற்றுக்காகக் கட்டியது.

போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்து ஜொவானினா நூலகத்தில் இரவில் வெளவால்கள் பறந்து புத்தகப் பூச்சிகளைத் தின்கின்றன. மாலையில் மேஜைகளைத் தோல் விரிப்பால் மூடி, காலையில் எச்சத்தைத் துடைப்பது அங்கே ஒரு வேலை. இப்படி ஒரு குடும்பம் நடத்துகிறவர்களிடம் போய் நானும் வருகிறேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. (வெளவாலுக்குக் கிடைக்கிற நேரம்கூட எனக்குக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் நீண்ட கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 65 மீட்டர். 1732-இல் கட்டி முடித்தபோது அதற்குத் தட்டையான கூரைதான். நாட்டில் வெளியாகும் எல்லாப் புத்தகத்திலும் ஒரு பிரதி பெறும் உரிமை 1801-இல் வந்தது. அலமாரி நிரம்பி வழிந்தது. 1860 வாக்கில் கூரையைப் பிரித்து உயர்த்தி மேலே இன்னொரு வரிசை அலமாரி வைத்தார்கள். இன்று உலகமே படம் பிடிக்கும் அந்த வளைகூரை, புத்தகம் வைக்க இடமில்லாமல் வந்தது. 2022 முதல் அங்கிருந்த சுமார் 2,00,000 புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கி, தூசி எடுத்து, வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் வேலை நடந்தது. தூசியும் தீ பயமும்தான் காரணம். வெறும் அலமாரியைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடம். புத்தகம் இல்லாவிட்டாலும் எங்களுக்குப் பரவாயில்லை என்று நாங்களே சொல்லிக்கொடுத்துவிட்டோமோ?

ஆகவே உங்கள் அசல் பிரதிகளில் கை வைக்க விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று. சினிமாவில் பழைய புத்தகம் என்றாலே வெள்ளைக் கையுறை மாட்டிவிடுகிறார்கள். உங்களில் பெரும்பாலோர் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது என்பவர்கள். கையுறை போட்டால் தாளின் மென்மை விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். அதாவது புத்தகத்தைக் காப்பாற்றுவதிலும் விரலுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

உட்கார விட்டால் கட்டடம் கெட்டுவிடும் என்பதற்கும் எதிர்ச் சாட்சிகள் இருக்கின்றன. மெல்போர்னில் விக்டோரியா மாநில நூலகத்தின் குவிமாட வாசிப்பறை 1913-இல் திறந்தது. எண்கோணம், மேஜைகள் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி விரிகின்றன. கூரைக் கண்ணாடி ஒழுகியதால் 1959-இல் அதைச் செப்புத் தகட்டால் மூடினார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த அறைக்குள் பகல் வரவில்லை. 2003-இல் சரிசெய்து வெளிச்சத்தைத் திரும்ப விட்டார்கள். படம் எடுக்கிறவர்கள் மேலே மாடங்களில் நின்று எடுத்துக்கொள்கிறார்கள், கீழே யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். இரண்டு கூட்டத்தையும் உயரத்தால் பிரித்துவிட்டார்கள், கயிறு தேவைப்படவில்லை. மேலே நின்று பார்த்தால் பச்சை விளக்குகளும் குனிந்த தலைகளும் தெரியும். இறங்கிப் போய் அந்தத் தலைகளில் ஒன்றாகிவிடலாம் என்பதுதான் அங்கே உள்ள பெரிய விஷயம்.

நியூயார்க் பொது நூலகத்தின் பெரிய வாசிப்பறையில் 2014-இல் ஒரு இரவு விதானத்திலிருந்து ஒரு சுதைப்பூ கழன்று விழுந்தது. ஆள் யாரும் இல்லாத நேரம். அதற்காக அறையை மூடி, எல்லாப் பூக்களையும் எஃகுக் கம்பியால் கட்டி, 2016-இல் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகு மேஜைகளை எடுத்துவிடவில்லை. பாரிஸில் தேசிய நூலகத்தின் ரிஷலியூ கட்டடத்தில் உள்ள நீள்வட்டக் கூடம் நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2022-இல் எல்லாருக்கும் திறந்தது. முன்பு ஆராய்ச்சியாளர்களின் இடம். இப்போது கட்டணமும் இல்லை, அட்டையும் கேட்பதில்லை. அலமாரியில் படக்கதைகள்கூட இருக்கின்றன, எடுத்துக்கொண்டு உட்காரலாம். மேலே முட்டை வடிவக் கண்ணாடி விதானம், கீழே ஒரு சிறுவன் படக்கதை படித்துக்கொண்டு. இதைவிடப் பெரிய மரியாதையை அந்த விதானத்துக்கு யாரும் செய்துவிட முடியாது.

எல்லா இடத்திலும் இது முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எனவே மிகக் குறைவாகவே கேட்கிறேன். கூடத்தில் ஒரு மேஜை, நான்கு இருக்கை. அசல் மேஜை வேண்டாம் என்றால் அதே அளவில், அதே உயரத்தில் ஒரு நகல். ஆனால் இடம் மட்டும் மாறக் கூடாது. வாசலில், டிக்கெட் கவுண்ட்டர் பக்கத்தில் போட்டுவிட்டு ‘வாசகர் அனுபவம்’ என்று பலகை மாட்டாதீர்கள். ஜன்னலோடு அந்த மேஜைக்கு என்ன உறவோ அதுதான் எனக்கு வேண்டும். முறை வைத்து, நேரம் குறித்து விடுங்கள். அரை மணி என்று தலைப்பில் எழுதியிருக்கிறேன், இருபது நிமிடம் என்றாலும் சண்டைக்கு வர மாட்டேன்.

எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்று கேட்பீர்கள். அங்கே இருப்பதில் பாதி லத்தீனும் கிரேக்கமும், எங்களில் யாருக்கு அது தெரியும்? தெரிய வேண்டியதில்லை. ஒரு கையெழுத்துப் பிரதியின் நல்ல படிநகல் இருந்தால், எழுத்து புரியாமலே ஒரு பக்கத்தை இருபது நிமிடம் பார்க்கலாம்: எங்கே மை தீர்ந்து திரும்பத் தொட்டிருக்கிறார், எங்கே வரி சாய்கிறது, ஓரத்தில் யார் எதைக் கிறுக்கியிருக்கிறார் என்று. அதுவும் இல்லையா, அந்தக் கட்டடத்தைப் பற்றியே பத்துப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போதும். அதுவும் வேண்டாம் என்றால் எங்கள் பையில் இருப்பதை எடுத்துக்கொள்கிறோம். நான் எப்போதும் மெல்லிசாக ஒரு புத்தகம் வைத்திருப்பேன். நூலகங்களில் உட்கார விடாதபோது வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அதைத்தான் படிக்கிறேன். பல ஊர்களை எனக்கு அந்தப் படிக்கட்டுகள் வழியாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஒரு பத்தி படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவரின் நிழல் ஒரு சாண் நகர்ந்திருக்கும். அந்தச் சுவரை நான் மறந்ததே இல்லை.

கைப்பேசியை என்ன செய்வது என்று தனியாகச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து படம் நன்றாக வராது. அது தானாகப் பைக்குள் போய்விடும்.

சென்ட் காலனில் அசல் வரைபடத்தை வெளிச்சத்துக்குப் பயந்து சில நொடிகள்தான் திறந்து காட்டுகிறார்கள். அந்தச் சில நொடிக்காக ஓர் அறையையே அமைத்து, காத்திருக்க வைத்து, பிறகு காட்டுகிறார்கள். அந்த மாதிரி யோசிக்கத் தெரிந்த ஆட்கள் நீங்கள். நான்கு நாற்காலி உங்களுக்குப் பெரிய கணக்கா?

கடைசியாக அந்தக் காவலர். எழுந்து போகும்போது அவரிடம் ஒன்று கேட்க நினைத்தேன், பின்னால் குழு நகர்ந்துகொண்டிருந்ததால் கேட்கவில்லை: இத்தனை வருடமாக இங்கே நிற்கிறீர்களே, நீங்கள் ஒரு தடவையாவது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்களிடமும் அதையே கேட்கிறேன். இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால், மாலையில் பார்வையாளர்கள் எல்லாரும் போன பிறகு, அலுவலக அறையில் எழுத வேண்டாம். உங்கள் கூடத்தின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து எழுதுங்கள். விளக்கைப் போடுவதற்கு முன்.

இப்படிக்கு,
காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு பயணி